செல்போனும் மனப்பாரமும் நம் பிள்ளைகளின் படிப்பும்

(மருத்துவமனை ஞாயிறு ஆராதனைக்குப் பின், ஆலய மண்டபத்தில் எங்கள் மருத்துவக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. நேரில் வர இயலாத ஆதரவாளர்களுக்காக இங்கே அச்சிடப்படுகிறது.)



வழக்கமாக இந்த ஞாயிறன்று பிரசவ வார்டைப் பற்றிச் சொல்லுவோம். கண் முகாம்களைப் பற்றிச் சொல்லுவோம். உங்கள் காணிக்கையில் வாங்கிய கருவியின் படத்தைக் காட்டுவோம். அந்த விவரங்களும் வரவு செலவுக் கணக்கும் தனித் தாளாக உங்கள் கையில் இருக்கின்றன. வீட்டுக்குப் போய் நிதானமாக வாசித்து, கேள்வி இருந்தால் எழுதுங்கள். இன்று எங்களுக்குக் கொடுக்கப்பட்ட நேரத்தை வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்த உங்கள் அனுமதியைக் கேட்கிறோம். அது நம் பிள்ளைகளைப் பற்றியது. எங்கள் தவறு ஒன்றும் அதில் இருக்கிறது. உங்களைப் பற்றியும் கொஞ்சம் இருக்கிறது, மன்னிக்க வேண்டும்.

ஒவ்வோர் ஆண்டும் தைப் பொங்கல் முடிந்து, மார்ச் மாதப் பொதுத் தேர்வு நெருங்க நெருங்க, எங்கள் புறநோயாளிகள் பகுதிக்கு வரும் மாணவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். வயிற்று வலி என்பார்கள், தலைவலி என்பார்கள். காலையில் பள்ளிக்குப் புறப்படும்போது வாந்தி, நெஞ்சு படபடப்பு, இரவில் தூக்கமில்லை. முதலில் நாங்கள் உடம்பைத்தான் பார்க்கிறோம். ரத்தசோகை இருக்கிறதா, தைராய்டு சரியா, கண் பார்வை எப்படி என்று சோதிக்கிறோம். படிப்பில் பின்தங்கிவிட்டான் என்று இரண்டு வருடமாகத் திட்டு வாங்கிய ஒரு பையனுக்குக் கண்ணாடி மட்டுமே தேவையாக இருந்தது. அந்தத் தகப்பனாரின் முகத்தை நாங்கள் மறக்கவில்லை. ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சோதனை எல்லாம் சரியாகவே வருகிறது. அப்போது தாயையும் தகப்பனையும் வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, ஒரே கேள்வி கேட்கிறோம்: "ராத்திரி எத்தனை மணிக்குத் தூங்குறே தம்பி?"

பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. படித்துவிட்டா? இல்லை. புத்தகத்தை மூடியது பத்து மணிக்கு. பிறகு படுக்கையில், போர்வைக்குள், செல்போன்.

இங்கே உங்களில் பலர் தலையை ஆட்டுவதைப் பார்க்கிறோம். "எல்லாம் இந்தச் செல்போனால் வந்த வினை" என்று சொல்லி முடித்துவிட எங்களுக்கும் ஆசைதான். உண்மை அவ்வளவு எளிதல்ல. 2019-ல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் இருவர் மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இளையோரின் தகவல்களை ஆராய்ந்தார்கள். பிள்ளைகளின் மனநலத்தில் காணப்படும் வேறுபாட்டில், இத்தகைய கருவிகளின் பயன்பாட்டோடு தொடர்புள்ள பங்கு அதிகபட்சம் 0.4 சதவீதம் என்று எழுதினார்கள். மறுபக்கம், 2023 மே மாதம் அமெரிக்க அரசின் தலைமை மருத்துவ அதிகாரி ஓர் எச்சரிக்கை வெளியிட்டார். நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் சமூக ஊடகங்களில் செலவிடும் இளையோருக்கு மனச்சோர்வு, பதற்றம் போன்ற தொல்லைகள் வரும் வாய்ப்பு இருமடங்கு என்று அதில் சொல்லப்பட்டது. பெரியவர்களே இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவோ காத்திருக்கவில்லை, 16 வயதுக்கு உட்பட்டவர்கள் முக்கியமான சமூக ஊடகங்களில் கணக்கு வைத்திருக்கக் கூடாது என்ற சட்டம் அங்கே 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது.

ஆனால் மதிப்பெண்களைப் பற்றிய ஓர் ஆய்வு எங்கள் மனதைத் தொட்டது. 2015-ல் லண்டன் பொருளாதாரப் பள்ளி வெளியிட்டது. இங்கிலாந்தில் லண்டன், பர்மிங்ஹாம், லெஸ்டர், மான்செஸ்டர் என்ற நான்கு நகரங்களில் 91 பள்ளிகளைப் பார்த்தார்கள். பள்ளியில் செல்போனைத் தடை செய்தபின் 16 வயது மாணவர்களின் தேர்வு மதிப்பெண்கள் கூடின. யாருக்குக் கூடின என்பதுதான் விஷயம். நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு ஏறக்குறைய வித்தியாசமே இல்லை. போன் இருந்தாலும் படித்தார்கள், இல்லாவிட்டாலும் படித்தார்கள். பின்தங்கிய பிள்ளைகளுக்குத்தான் பெரிய ஏற்றம். அதைத் திருப்பிப் படித்துப் பாருங்கள். செல்போன் எல்லோரிடமிருந்தும் சமமாக எடுப்பதில்லை. குறைவாக உள்ளவனிடமிருந்துதான் அதிகமாக எடுக்கிறது.

எங்கள் வார்டுகளில் ஒரு கட்டளை உண்டு. மருந்துத் தட்டோடு செல்லும் சிஸ்டரிடம் யாரும் பேசக் கூடாது, டாக்டர் உட்பட. ஏனென்றால் அளவை எண்ணிக்கொண்டிருக்கும்போது ஒரு குரல் குறுக்கிட்டால், எண்ணிக்கை அறுந்துவிடும்; மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்; தொடங்காமல் விட்டால் தவறு நேரும். இயற்பியல் கணக்குப் போடும் பிள்ளைக்கும் இதே மூளைதான். பக்கத்தில் செல்போன் "டிங்" என்கிறது. எடுத்துப் பார்த்துவிட்டு வைக்க அரை நிமிடம்தான். ஆனால் கணக்கு எங்கே நின்றது என்று மனம் திரும்பி வந்து சேர அதைவிட அதிக நேரம் ஆகிறது. மாலை முழுவதும் இப்படி. மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தான் என்று தாய் சாட்சி சொல்லுவார், அது பொய்யல்ல. படித்தது எவ்வளவு என்பது வேறு.

ஏன் கீழே வைக்க முடியவில்லை? கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. தூண்டில் போட்டவனுக்கு ஒவ்வொரு முறையும் மீன் கிடைத்தால் கூடை நிறைந்ததும் எழுந்து போவான். ஒருபோதும் கிடைக்காவிட்டாலும் எழுந்து போவான். சில சமயம் கிடைத்து, சில சமயம் கிடைக்காமல் இருப்பதுதான் அவனை இருட்டும்வரை உட்கார வைக்கிறது. பக்கம் முடியாமல் கீழே உருண்டுகொண்டே இருக்கும் முறையை 2006-ல் வடிவமைத்த ஏசா ராஸ்கின் என்ற அமெரிக்கர், பின்னாளில் அதற்காகத் தாமே வருந்திப் பேசினார். பத்தாம் வகுப்புப் பையனிடம் மனஉறுதி இல்லை என்று கோபிக்கும் முன், எதிரே யார் உட்கார்ந்து தூண்டில் கட்டுகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

தூக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 13 முதல் 18 வயதுவரை உள்ளவர்களுக்கு எட்டிலிருந்து பத்து மணி நேரத் தூக்கம் தேவை. வளரும் வயதில் உடம்பின் கடிகாரம் தானாகவே சற்றுத் தாமதமாக ஓடும். அது சோம்பேறித்தனம் அல்ல. இருட்டியதும் மூளையில் மெலடோனின் என்ற சுரப்பு கூடி உறக்கத்தை அழைக்கிறது. கண்ணுக்கு அருகில் பிடித்த வெளிச்சத் திரை அந்தச் சுரப்பைத் தள்ளிப்போடுகிறது. பகலில் படித்ததை மூளை அடுக்கி, நிலையான நினைவாக்குவது பெரும்பாலும் உறக்கத்தில்தான். எனவே தூங்காமல் படித்தவன், களத்தில் நெல்லைக் குவித்துவிட்டுக் குதிருக்குக் கொண்டுபோகாதவனைப் போல. இது போன் பார்த்து விழித்தவனுக்கு மட்டுமல்ல, "விடிய விடியப் படி" என்று பெற்றோர் விழிக்க வைத்த பிள்ளைக்கும் பொருந்தும்.

இப்போது எங்கள் தவறுக்கு வருகிறோம்.

எங்கள் செவிலியர் பள்ளியில் முதலாண்டு மாணவி ஒருத்தி. உங்கள் உதவித்தொகையில் படிக்கிற பிள்ளை. ஆகையால் ஊரையும் பெயரையும் சொல்ல மாட்டோம். தகப்பனார் செங்கல் சூளையில் வேலை செய்கிறவர். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ் வழியில் படித்து, நல்ல மதிப்பெண்ணோடு வந்தாள். இங்கே வந்ததும் உடற்கூறியலும் உடலியங்கியலும் நுண்ணுயிரியலும் ஆங்கிலப் புத்தகத்தில். முதல் உள்தேர்வில் இரண்டு பாடத்தில் போய்விட்டது. ஹாஸ்டலில் விசாரித்தபோது, இரவு ஒரு மணிவரை ரீல்ஸ் பார்க்கிறாள் என்று தெரிந்தது. அவள் மட்டுமல்ல, பலர்.

நாங்கள் உடனே நடவடிக்கை எடுத்தோம். எல்லா மாணவிகளின் போனையும் வாங்கி, ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டினோம். ஞாயிறு மாலை மட்டும் ஒரு மணி நேரம். நல்ல காரியம் செய்துவிட்டோம் என்ற திருப்தி எங்களுக்கு.

அடுத்த உள்தேர்வில் மதிப்பெண் கூடவில்லை. மெத்தைக்கு அடியில் இரண்டாவது போன்கள் கிடைத்தன. ஒரு மாணவியின் தாயார் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட செய்தி அவளுக்கு மறுநாள்தான் தெரிந்தது. வீட்டார் அழைத்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள், போன் எங்கள் பெட்டிக்குள் இருந்தது. அந்தப் பிள்ளையிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டோம். இன்னொரு காரியத்தையும் மாணவிகளே பயந்து பயந்து சொன்னார்கள். பெட்டி வருவதற்கு முன்பெல்லாம், மறுநாள் டியூட்டிப் பட்டியலை நாங்கள்தான் இரவு பத்தரை மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டுவந்தோம். பாடக் குறிப்புகளும் அதிலேதான். எந்த நேரம் என்ன வருமோ என்று போனைக் கையிலேயே வைத்திருக்கும் பழக்கத்தைப் பாதி கற்றுக்கொடுத்தவர்கள் நாங்களே.

அந்த முதலாண்டு மாணவியைத் தனியே உட்கார வைத்துப் பேசினோம். முதல் நாள் அழுதாள். இரண்டாம் நாள் சொன்னாள்: "மேடம், புக்கைத் தொறந்தா ஒண்ணும் புரியல. பயமா இருக்கு. ஃபெயிலாயிட்டா அப்பாகிட்ட என்ன சொல்றதுன்னு நெஞ்சு அடிச்சுக்குது. போனைப் பாத்தா அந்தப் பயம் கொஞ்ச நேரம் போயிடுது."

இதை நாங்கள் பல நாள் யோசித்தோம். போனினால் படிப்புக் கெட்டு, படிப்புக் கெட்டதால் பயம் வந்தது என்று நாங்கள் நினைத்திருந்தோம். அவளுக்கோ பயம் முதலில் வந்தது. போன் அதற்கு அவள் எடுத்துக்கொண்ட மருந்து. கெட்ட மருந்துதான், உறக்கத்தைத் தின்று, மறுநாள் பயத்தைக் கூட்டுகிற மருந்து. ஆனால் நோயை விட்டுவிட்டு, மாத்திரையை மட்டும் பிடுங்கிப் பூட்டினோம். பயம் நீடித்தால் உடம்பில் கார்டிசோல் என்ற சுரப்பு ஓயாமல் ஏறி நிற்கிறது. அது நினைவைத் திரட்டி எடுக்கும் திறனைக் கெடுக்கிறது. தெரிந்த பதில் தேர்வு அறையில் மறந்துபோவது அதனால்தான். இதையெல்லாம் வகுப்பில் பாடமாக நடத்துகிறவர்கள் நாங்கள்!

செல்போனைப் பிள்ளைகள் கையில் கொடுத்தது யார் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. வகுப்பு போனுக்குள் வந்தது. கூலி வேலைக்குப் போகும் தாய்மார் நகையை அடகு வைத்தும், தவணை கட்டியும் ஒரு போன் வாங்கினார்கள். மூன்று பிள்ளைகள் முறை வைத்துப் படித்தார்கள். அன்று "போனைப் பார், போனைப் பார்" என்று சொன்ன அதே வாயால் இன்று "போனைப் பார்க்காதே" என்கிறோம். இடையில் யாரும் அவர்களுக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிரியமானவர்களே, இனிச் சொல்வது உங்களுக்கு.

சில ஆண்டுகளுக்கு முன், பிளஸ் டூ முடிவு வந்த நாளின் இரவில், ஒரு பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தன் உயிருக்குத் தானே தீங்கு செய்திருந்தான். கர்த்தருடைய கிருபையாலும் இரவுப் பணியாளர்களின் உழைப்பாலும் பிழைத்துக்கொண்டான். தேர்வில் தோற்றுவிட்டான் போலும் என்று நாங்கள் எண்ணினோம். பேச முடிந்த அன்று அவன் சொன்னது: "நான் பாஸ் சார். எங்க சொந்தக்காரங்க குரூப்ல எல்லார் மார்க்கையும் போட்டாங்க, பூ போட்டாங்க, கை தட்டினாங்க. என்னுத யாரும் போடல."

ஒரே காரணத்தால் எந்தப் பிள்ளையும் அந்த நிலைக்கு வருவதில்லை. அந்த வீட்டில் வேறு பாரங்களும் இருந்தன. ஆனால் கடைசியாக அவன் பார்த்தது அந்தக் குரூப்பை. 2022-ல் மட்டும் இந்தியாவில் 13,000-க்கும் மேற்பட்ட மாணவர்கள் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாகத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் பதிவு செய்திருக்கிறது. அந்தத் தொகையைப் படித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவது எளிது. அவனுடைய கட்டிலருகே உட்கார்ந்திருந்த எங்களுக்கு அது முடியவில்லை.

சவுல் ராஜாவை நினைத்துப் பாருங்கள். யுத்தத்தில் அவன் தோற்கவில்லை, ஜெயித்துத்தான் திரும்பினான். வழியில் பெண்கள் பாடிய பாட்டில் தாவீதுக்குக் கொடுத்த எண் தன்னுடையதைவிடப் பெரியது என்று கேட்டான். அன்றிலிருந்து அவனுக்கு நிம்மதி போயிற்று. அவனாவது ராஜா, வளர்ந்த மனிதன், அந்தப் பாட்டை ஒரு தெருவில் கேட்டான். நம் பிள்ளைக்கு அந்தப் பாட்டு இரவும் பகலும் கையிலேயே ஒலிக்கிறது. இவளுக்கு இத்தனை லைக், அவனுக்கு இத்தனை மார்க், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு நீட் தேர்வில் 720-க்கு இவ்வளவு.

தமிழக அரசு 2017-ல், பொதுத் தேர்வு முடிவுகளில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்திவிட்டது. நல்ல முடிவு. அரசு நிறுத்தியதை நாம் ஸ்டேட்டஸில் நடத்துகிறோம். தெருமுனையில் ஃப்ளெக்ஸ் கட்டுகிறோம். சபைகளிலும் ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிறு, அதிக மதிப்பெண் எடுத்த மூவரைப் பீடத்துக்கு முன் அழைத்துப் பரிசு கொடுக்கிறோம். பரிசு வேண்டாம் என்று சொல்ல எங்களுக்கு அதிகாரமில்லை. பின்வரிசையில், தேறிவிட்டும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளை எந்த வரிசை என்று ஆயர் ஐயா அறிந்திருந்தால் போதும். கமிட்டியார் இதைப் பேசுவார்களா?

எலியா தீர்க்கதரிசியின் சரித்திரத்தை எங்கள் குழு ஜெபத்தில் ஒரு நாள் வாசித்தோம். யேசபேலுக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் சூரைச்செடியின்கீழ் விழுந்து, தனக்குச் சாவு வந்தால் போதும் என்று கேட்டவர். தேவன் அவரைக் கண்டிக்கவில்லை; பிரசங்கமும் செய்யவில்லை. தூங்க விட்டார். தூதன் தொட்டு எழுப்பி, சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். மறுபடியும் தூங்க விட்டார். மறுபடியும் சாப்பாடு. ஓரேப்புக்குப் போன பிறகுதான் கேள்வி வந்தது. மருத்துவர்களாகிய எங்களுக்கு அந்த வரிசை வெட்கத்தைக் கொடுத்தது. நாங்கள் கேள்வியில் தொடங்கி, பூட்டில் முடித்திருந்தோம்.

பெட்டியை எடுத்துவிட்டோம். டியூட்டிப் பட்டியல் மாலை நான்கு மணிக்குப் பலகையில் ஒட்டப்படுகிறது. அதன்பின் ஆசிரியைகள் குரூப்பில் எதுவும் அனுப்புவதில்லை. இரவு ஒன்பதரைக்கு மாணவிகள் தாங்களே போனை வராந்தா அலமாரியில் வைக்கிறார்கள். வீட்டார் அவசரத்துக்கு வார்டன் அம்மாவின் எண்ணுக்கு எந்நேரமும் அழைக்கலாம். முதலில் ஒரு ஆட்சேபம் வந்தது: "அலாரம் வைக்கப் போன் வேணுமே மேடம்!" நியாயம்தான். அதைக் கேள்விப்பட்ட உங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தார், அறைக்கு ஒன்று என்று மேசைக் கடிகாரம் வாங்கி அனுப்பினார்கள். இந்த ஆண்டு எங்களுக்கு வந்த காணிக்கைகளில் விலை குறைந்தது அதுதான். அதைப் போல உதவியது வேறொன்றைச் சொல்ல முடியவில்லை.

ஆங்கிலப் புத்தகம் புரியாத முதலாண்டுப் பிள்ளைகளுக்கு, மாலையில் ஒரு மணி நேரம் பாடத்தைத் தமிழில் விளக்கிவிட்டு, அதே பகுதியை ஆங்கிலத்தில் வாசிக்க வைக்கிறோம். ஓய்வுபெற்ற ஆசிரியை இருவர் சம்பளமில்லாமல் வருகிறார்கள். ஒருவருக்கு வயது எழுபத்தொன்று. மூன்றாம் மாடி ஏறி வருகிறார். கீழே ஓர் அறை ஒதுக்கித் தர இன்னும் முடியவில்லை.

வீட்டில் என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு, நாங்கள் கற்றுக்கொண்டது இவ்வளவே. தகராறு செய்து போனைப் பிடுங்காதீர்கள். தேர்வு முடிவு வரும் வாரத்தில் ஒருபோதும் வேண்டாம். இரவில் எல்லாருடைய போனும், தகப்பனாருடையதும் சேர்த்து, கூடத்தில் தூங்கட்டும். குடும்ப ஜெபத்தின்போது உங்கள் சட்டைப் பையில் அது அதிர்ந்தால், பிள்ளை பார்க்கிறது. திடீரென்று பேச்சுக் குறைந்தாலோ, சாப்பாடு குறைந்தாலோ, "நான் இல்லாவிட்டால் நல்லது" என்ற தொனியில் ஏதாவது சொன்னாலோ, விசுவாசக் குறைவு என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. எங்களிடம் அழைத்து வாருங்கள். நள்ளிரவானால் 14416 என்ற அரசின் டெலி-மானஸ் எண் உண்டு. 2022 அக்டோபரிலிருந்து இருபத்துநான்கு மணி நேரமும், கட்டணமின்றி, தமிழிலும் பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணும் உண்டு. ஜெபமும் செய்யுங்கள், அழைக்கவும் செய்யுங்கள்.

எங்கள் தேவையையும் சொல்லிவிடுகிறோம். மாணவர்களோடு பேச, பயிற்சி பெற்ற ஆலோசகர் ஒருவர் இப்போது வாரத்தில் ஒரு நாள் வருகிறார். தேர்வு மாதங்களில் அவருக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டி உட்கார்ந்திருக்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் அவரை வைத்துக்கொள்ள விரும்புகிறோம். அதற்கான தொகை தனித் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. நம் சபைப் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, எந்த வீட்டுப் பிள்ளைக்கும் அந்தக் கதவு திறந்திருக்கும். இத்தனை ஆண்டுகள் மருந்து கொடுத்தது அப்படித்தானே.

அந்த முதலாண்டு மாணவியைப் பற்றிக் கேட்பீர்கள். உடற்கூறியலில் தேறிவிட்டாள். நுண்ணுயிரியலில் இன்னும் இல்லை; அடுத்த மாதம் மறுபடி எழுதுகிறாள். இப்போது பத்தரை மணிக்குத் தூங்குகிறாள் என்று வார்டன் அம்மா சொல்லுகிறார். சென்ற வாரம் ஆண்கள் வார்டில் ஒரு முதியவருக்குக் கட்டு மாற்றிக்கொண்டே, எந்தத் தசை எந்த எலும்போடு சேர்கிறது என்று அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். அவரும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தார். தேர்வு வரை அவளை உங்கள் ஜெபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பெண்கள் சங்கத்தாருக்கு ஒரு சிறு செய்தி: கடிகாரங்களில் நான்கு நின்றுவிட்டன. பேட்டரிதான், வேறொன்றுமில்லை.